பிரேக்கம்மா அரைக்கட்டை ஏற்றினார்

ஓட்டுநர் பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்பவரின் காலடியில், மற்றது பக்கத்தில் உட்காரும் ஆசிரியையின் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுத் தந்தவர் ஓர் அம்மாள். பெற்றோர் வைத்த பெயர் எங்கோ தேய்ந்து போய், பிரேக்கம்மா என்ற பெயரே நிலைத்துவிட்டது. நானும் அவரிடம் கற்றவன்தான். “கிளட்ச்ச விடுங்கன்னா பட்டம் விடற மாதிரி மெதுவா விடணும். புருடா விடற மாதிரி ஒரேயடியா விடக் கூடாது” என்பார்.

அவருக்கு ஓர் அக்கா. நன்றாகப் பாடுவாள். அக்காவின் கணவர் கிடார் வாசிப்பார். உறவுக் கூட்டம் எதுவானாலும், சாப்பிட்டுக் கை கழுவியதும் அத்தான் கிடார் பெட்டியைத் திறப்பார். அக்கா பாடுவாள். எல்லாரும் கைதட்டுவார்கள், அத்தான் குனிந்து ஏற்றுக்கொள்வார். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், அப்போதே கார் ஓட்டிக்கொண்டிருந்த பிரேக்கம்மா அவரிடம் ஆசையாய்க் கேட்டார்: “அத்தான், எனக்கும் கத்துக் குடுங்களேன்.”

அத்தான் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “விரல் குட்டை. நீ ஸ்டியரிங்கப் பிடி, அது போதும்.”

பிரேக்கம்மா சிரித்துக்கொண்டேதான் கையை இழுத்துக்கொண்டார். ஆனால் அவர் எதையும் மறக்கிற ஜாதி இல்லை.

நாற்பத்தைந்து தாண்டிய பிறகு அவருக்கு ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். பெரிய ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் மாலை நேரங்களில் ஜாஸ் வாசிக்கும் கிடார்காரர், ஏறக்குறைய அவர் வயதுதான். மேடையில் சிங்கம். ரிவர்ஸ் கியர் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். ஓட்டுநர் தேர்வில் பல தடவை தோற்று, ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டு வந்திருந்தார்.

ஒருநாள் சிக்னலில் வண்டி நிற்க, அவருடைய இடது கை ஸ்டியரிங்கின் மேல் நண்டு போல ஊர்ந்தது.

“என்ன சார், வண்டிக்குக் கிச்சுகிச்சு மூட்டறீங்களா?”

“சாரி மேடம். சாயங்காலம் வாசிக்க வேண்டிய கார்டு எல்லாம் ஓட்டிப் பாக்கறேன். பல சுரத்த ஒண்ணாத் தட்டினா அது கார்டு.”

“குட்டை விரலுக்கு அதெல்லாம் வருமா?”

“எத்தனை விரல் இருக்கு?”

“எல்லாருக்கும் இருக்கறதுதான்.”

“எனக்கு மூணு போதும்.”

அங்கேயே ஒப்பந்தம் ஆயிற்று. காலையில் காரில் அவர் மாணவர், இவர் ஆசிரியை. மதியம் சலவைக் கடைக்கு மேலிருந்த கிடார்காரரின் அறையில் இவர் மாணவி. கீழே இஸ்திரிப் பெட்டிகளின் சூடு தரை வழியாக ஏறி உள்ளங்காலைச் சுட்டுக்கொண்டிருக்கும்.

“எல்லாத்துலயும் தடியான தந்தி இருக்கே, அதுல ஒரு விரல்” என்றார் கிடார்காரர். “அடுத்த தந்தி பேசக் கூடாது. அந்த விரல் நுனியாலயே அதோட வாயப் பொத்துங்க. அதுக்கடுத்த ரெண்டு தந்தியில மத்த ரெண்டு விரல், ஒரு கட்டம் தள்ளி. கிடார் கழுத்துல ரெண்டு குறுக்குக் கம்பிக்கு நடுவுல இருக்கற இடம்தான் கட்டம். அவ்வளவுதான்.”

தட்டினார். இனிமையாக, கொஞ்சம் சோம்பலாக ஒலித்தது.

“இப்போ நடு விரல ஒரு கட்டம் பின்னால இழுங்க. கேட்டீங்களா, எங்கயோ போகணும்னு துடிக்குது. மூணாவது விரலையும் இழுங்க. மூஞ்சியத் தொங்கப் போட்டுச்சா? மூணு வடிவம். இதுலயே பாதி ஜாஸ் அடங்கிடும்.”

“சரி, இது என்ன கார்டு?”

“அது நீங்க எங்க நிக்கறீங்கங்கறதப் பொறுத்தது. தடித் தந்தியில மூணாவது கட்டத்துல நின்னா ஜி. கைய மாத்தாம ரெண்டு கட்டம் தள்ளினா ஏ. வடிவம் அதேதான், விலாசம்தான் வேற.”

பிரேக்கம்மா யோசித்தார். “எங்க அத்தான் ஒவ்வொரு கார்டுக்கும் ஒவ்வொரு பிடி வெச்சிருக்காரே?”

“அது விரல் வெக்காத வெறுந்தந்தியையும் சேத்து ஒலிக்க விடற பிடி. ஆணியடிச்ச நாற்காலி. இடத்த விட்டு நகராது.”

பிரேக்கம்மாவின் கண்ணில் ஒரு மின்னல் வெட்டியது. அதைக் கவனித்திருந்தால் கிடார்காரர் பாடத்தை அன்றோடு நிறுத்தியிருப்பார்.

கற்பது சுலபமாக இல்லை. பொத்தவேண்டிய தந்தி திமிறிக்கொண்டு பேசியது. அது பேசும்போதெல்லாம் கிடார்காரர் “பிரேக்!” என்று கத்தினார். காலையில் வாங்கியதை மதியம் வட்டியோடு திருப்பித் தருவதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம். விரல் நுனிகள் முதலில் சிவந்தன, பிறகு காய்த்தன. வீட்டில் பிரேக்கம்மாவின் கணவர், மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுப்பவர், “இதே மூணு சத்தத்தத்தான் நாலு மாசமாக் கேக்கறேன். ஆனா ஏதோ மாடிப்படி ஏறி எறங்கற மாதிரி இருக்கு” என்றார். அவர் அறியாமலே கொடுத்த நற்சான்றிதழ் அது. அடுத்த தந்தியில் ஆரம்பிக்கும் இன்னொரு வரிசை வடிவங்களும் பிறகு கைக்கு வந்தன. கிடாரின் கழுத்தில் எங்கே கொண்டுபோய் விட்டாலும் பிரேக்கம்மா வழி கண்டுபிடித்து வந்துவிடுவார் என்ற நிலை.

அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்தாம் ஆண்டு. மரச்சாமான் கடையின் மேல்மாடிக் கூடத்தில் விருந்து. சாப்பாடு முடிந்ததும் அத்தான் பெட்டியைத் திறந்தார். பிரேக்கம்மாவும் ஒரு பெட்டியைத் திறந்தார்.

“அட, நீயுமா?” அத்தான் நாலு பேர் கேட்கச் சிரித்தார். “சரி சரி, ஓரமா உக்காந்து மெல்லமா வாசி. சுருதி ஜி. நான் போற வழியிலேயே வா.”

“நீங்க சொன்னா சரி அத்தான்.”

பாட்டு தொடங்கியது. முதல் சரணம் வரை பிரேக்கம்மா பூனை போல அவர் பின்னாலேயே போனார். இரண்டாவது சரணத்துக்கு அக்கா மூச்சிழுத்த நேரம், கையை மாற்றாமல் ஒரே ஒரு கட்டம், அதாவது அரைக்கட்டைச் சுருதி, மேலே தள்ளினார். அக்காவின் காது கூர்மை. அவள் அந்த அரைக்கட்டையைத் தன்னை அறியாமலே ஏறிக்கொண்டாள். அத்தான் மட்டும் பழைய தெருவிலேயே நின்றார்.

கூட்டத்தில் யாரோ முகம் சுளித்தார்கள். அத்தான் வாசிப்பதை நிறுத்தி, சுருதி ஏற்றுவதற்காகக் கிடாரின் கழுத்தில் மாட்டும் கவ்வியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அவசரமாக மாட்டினார். அவர் மாட்டி முடிப்பதற்குள் பிரேக்கம்மா இன்னொரு கட்டம் ஏறியிருந்தார். அத்தான் கவ்வியைக் கழற்றி நகர்த்தப் போனார். அது கையிலிருந்து துள்ளி எலுமிச்சைச் சாற்று ஜாடிக்குள் விழுந்து முங்கியது.

“ஏய், என்ன பண்ற நீ?” என்று பல்லைக் கடித்தார் அத்தான்.

“ஓரமாத்தான் அத்தான் வாசிக்கறேன்.”

அதற்குள் எதிர்பாராத ஒன்று நடந்தது. அக்காவின் குரல் திறந்துகொண்டது. இத்தனை வருஷமும் அத்தானுக்கு வசதியான சுருதியில், தொண்டையின் அடியில் முனகியே பாடி வந்தவள் அவள். உனக்கு எத்தனை கட்டை வசதி என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. இப்போது அந்தக் குரல் கூடத்தின் மூலைவரை போய்த் திரும்பியது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றார்கள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிரேக்கம்மாவுக்குத் தன் காலடியில் பிரேக் இருப்பது மறந்துபோனது. இன்னும் ஒரு கட்டம், இன்னும் ஒன்று என்று ஏறினார். உச்சியில் அக்காவின் குரல் கிறீச்சிட்டது. புடவை மறைவில் அவள் தங்கையின் காலை நறுக்கென்று மிதித்தாள். பிரேக்கம்மா “ஆ” என்று அலறி, ஏறிய வேகத்திலேயே இரண்டு கட்டம் இறங்கினார். பாட்டு அங்கே பத்திரமாக முடிந்தது. கைதட்டல் ஓய நேரமாயிற்று. எல்லாரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அத்தான் ஜாடிக்குள் கரண்டி விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

மாடிப்படியில் அக்கா தங்கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர வம்புக்கு இழுக்கத்தானே பண்ணின?”

“ஆமா.”

“என் தொண்டையக் கிழிச்சியே, அது?”

“அது தெரியாம நடந்துடுச்சுக்கா.”

அக்கா முறைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ரெண்டாவதா ஒரு எடத்துல நின்னியே, அது எந்த எடம்?” என்றாள்.

“அஞ்சாவது கட்டம்.”

“ஞாபகம் வெச்சுக்கோ.”

அத்தான் ரொம்ப நாள் பிரேக்கம்மா வீட்டுப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் பயிற்சிக் காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். முன்னால் கிடார்காரர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார், அதுவும் கண்ணைத் திறந்துகொண்டு. அத்தான் முன்சீட்டுப் பக்கம் சாய்ந்தார்.

“அந்த மூணு விரல் விஷயம்... எனக்கும் சொல்லேன்.”

“சொல்றேன் அத்தான். ஆனா பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னால அக்காகிட்ட சுருதி கேக்கணும். நீங்களே.”

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, “கேக்கறேன்” என்றார்.

மூன்று விரல் அவருக்கு வரவில்லை. பழகிய பிடி எலும்போடு ஒட்டிப் போயிருந்தது. ஆனால் தடித் தந்தி எந்த இடத்தில் என்ன பெயர் சொல்லும் என்பது மட்டும் மளமளவென்று பிடிபட்டது. மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அதையே தட்டுங்கள் என்றார் கிடார்காரர். தட்டிப் பார்த்தார், இடுப்பு தானாக ஆடியது. நாலே தடித் தந்தி உள்ள பேஸ் கிடார் ஒன்றை வாங்கிக்கொண்டார். அக்கா பாடும்போது இப்போது அவர் பின்னால் நிற்கிறார், அது அவருக்கு முன்னால் நின்றதைவிடப் பொருந்துகிறது. கிடார்காரர் தேர்வில் தேறி, தன் வண்டியிலேயே ஹோட்டலுக்குப் போய்வருகிறார். வாசல் பூந்தொட்டிகளைத்தான் சற்று உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் அவர்களுடைய ஒத்திகைக்குப் போயிருந்தேன். அக்கா இருமிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தாள். அத்தான் சுருதி கேட்டார்.

“சளி புடிச்சிருக்கு. ரெண்டு கட்டம் எறக்குங்க” என்றாள் அக்கா.

பிரேக்கம்மா மூன்று கட்டம் இறக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலக் கூரையைப் பார்த்தார்.