முதல் ஆமென்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி சபையின் ஆண்டு மலருக்கு அரைப்பக்கம் எழுதித் தரும்படி போதகர் கேட்டார். 'தாழ்மையின் உருவம்' என்று தலைப்பையும் அவரே வைத்துவிட்டார். பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு தலையாட்டினேன். எழுதியும் கொடுத்துவிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் உண்மை பாதிதான். மிச்சப் பாதி தொண்டையிலேயே நிற்கிறது. அதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

அத்தானுக்கு வீல் அலைன்மென்ட் கடை. பெரிய சாலை திரும்பும் இடத்தில், பெட்ரோல் பங்க்குக்கு அடுத்த தகர ஷெட். காரைப் பள்ளத்துக்கு மேல் ஏற்றி நிறுத்தி, சக்கரங்களில் கருவியை மாட்டி, திரையில் சிவப்பாகத் தெரியும் எண்கள் பச்சையாகும் வரை அடியில் படுத்து ஸ்பேனரால் திருகுவார். பிறகு வண்டிக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து நேர்ச்சாலையில் ஓட்டிப்போய், ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டுவார். வண்டி இம்மிகூட ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. இழுத்தால், திரையில் எல்லாம் பச்சையாக இருந்தாலும், "மறுபடி ஏத்துங்க" என்பார். திரும்பவும் ஆரம்பத்திலிருந்து எல்லாம் நடக்கும். இந்த ஒரு விஷயத்தில் மனுஷனைக் குறை சொல்ல எனக்கே வாய் வராது. என் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சான்றிதழ் என்று புரியும்.

கடைக்கு வெளியேதான் கஷ்டகாலம்.

தினமும் காலையில் முகம் கழுவியதும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். சபையின் வாட்ஸப் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்ப வேண்டும். பேர் 'காலைத் துளி'. துளியாம்! அண்டா அண்டாவாக ஊற்றுவார். இன்றைக்குத் தாழ்மை, நாளைக்கு நன்றி, மறுநாள் தேவ நடத்துதல், அதற்கு மறுநாள் மறுபடியும் தாழ்மை. பேச ஆரம்பித்துவிட்டால் வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது, குழாய் திறக்கக்கூடாது, தும்மல் வந்தால் கொல்லைப்பக்கம் ஓட வேண்டும். ஒரு தடவை நான் தும்மியது பதிவில் விழுந்துவிட்டது. மறுநாள் துளி, 'பிறருக்கு இடறலாக இருப்பவர்கள்' பற்றி.

ஆமாம், உதாரணத்துக்கு அவருக்கு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோமே. கட்டினவனோடு ஒத்துவராமல் நான் பிரிந்து வந்தது எத்தனை துளியில் வந்திருக்கிறது என்று எனக்கே கணக்கில்லை. 'என் கூரையின் கீழ் அடைக்கலம் புகுந்த ஒரு ஆத்துமா' என்பார். கூரை எங்கள் அப்பா எனக்கும் அக்காவுக்கும் எழுதிவைத்த கூரை. அதன் கீழ் மாப்பிள்ளையாக வந்து நுழைந்தவர் இவர். யார் யாரிடம் அடைக்கலம் புகுந்தது என்று கேட்க நாக்கு துடிக்கும். அக்கா கண்ணாலேயே அடக்கிவிடுவாள்.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறையில் வேலை. ரத்தத்தோடு வரும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, ஒவ்வொன்றையும் விரித்து இடுக்கில் அழுக்கிருக்கிறதா என்று பார்த்து, பச்சைத் துணியில் பொட்டலம் கட்டி, நீராவிப் பெட்டிக்குள் வைப்பார்கள். பொட்டலத்தின் மேல் ஒரு டேப் ஒட்டியிருக்கும். சூடு சரியாக ஏறியிருந்தால் அதில் கறுப்புக் கோடு விழும். கோடு மங்கலாக இருந்தால் அக்கா கையெழுத்துப் போடமாட்டாள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டாக்டர் கத்தினாலும் சரி, போடமாட்டாள். வீட்டில் வாயில்லாப் பூச்சி, அங்கே அப்படி.

வீட்டில் அவளுக்கென்று ஒரே ஒரு கடமை உண்டு. மற்றதெல்லாம் வேலை, இதுதான் கடமை. துளி போய் விழுந்ததும் குழுவில் முதல் 'ஆமென்' அவளுடையதாக இருக்க வேண்டும். அடுப்படியில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போடுவாள். அதைப் பார்த்த பிறகுதான் அத்தான் சாப்பாட்டு மேசைக்கு வருவார். மனைவியே சாட்சி சொன்னால் மற்றவர்கள் தைரியமாகப் பின்னால் வருவார்கள் என்பது அவர் கணக்கு. கல்யாணமான நாளிலிருந்து எதற்கெல்லாமோ தலையாட்டியவளுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

போன வருஷம் அவள் அறையின் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு அக்காவைக் கேட்டார்கள். விண்ணப்பம், சிபாரிசு ஒன்றுமில்லை, மேட்ரன் அவளைக் கூப்பிட்டு, "நீங்க வர்றீங்களா? வெள்ளிக்கிழமை சொல்லிடுங்க" என்றாராம். அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்து சொன்னாள். எத்தனையோ வருஷம் கழித்து அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்ன பேசுகிறேன் என்று தெரியாமல் ஏதேதோ பேசினேன்.

அத்தானிடம் சொன்னபோது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காரணம், புது வேலைக்கு விடியற்காலையிலேயே போக வேண்டும். முதல் ஆபரேஷன் ஆரம்பிக்கும் முன் பொட்டலமெல்லாம் தயாராக இருக்க வேண்டுமே. ஆனால் அதையா சொல்வார்?

"ஜெபிச்சுக் கேட்போம். கர்த்தர் எப்படி நடத்துறாரோ அதுபடி செய்வோம்" என்றார்.

கர்த்தர் நடத்துவது எப்படி என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் வாக்குத்தத்தப் பெட்டி ஒன்று இருக்கிறது. சின்னச் சின்ன அட்டைகளில் வசனம் எழுதி அடுக்கிய மரப்பெட்டி. எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்து, மூடியபடியே இருக்க, அத்தான் ஒரு அட்டையை உருவுவார். அதில் வருவதுதான் தீர்ப்பு. ஆனால் கண்ணை மூடியிருப்பது அக்கா மட்டும்தான். நான் அரைக்கண்ணில் பார்ப்பேன். பிடிக்காத அட்டை வந்தால் சத்தமில்லாமல் திருப்பிச் செருகிவிட்டு அடுத்ததை எடுப்பார். ஃபிரிட்ஜ் மாற்றலாமா என்று கேட்டதற்கு அன்றொரு நாள் எடுத்துக்கொண்டே இருந்தார், எனக்குக் கழுத்து வலித்துவிட்டது.

இந்தத் தடவையும் அதே கூத்து. ஒன்றை எடுத்தார், உதட்டைப் பிதுக்கினார், செருகினார். இன்னொன்று, அதுவும் உள்ளே போனது. கடைசியில் காத்திருக்கச் சொல்லும் வசனம் ஒன்று சிக்கியதும் முகம் மலர்ந்து, தொண்டையைச் செருமி உரக்கப் படித்தார்.

"பார்த்தியாம்மா? காத்திருன்னு வந்திருக்கு" என்றார்.

அக்கா கண்ணைத் திறந்து அட்டையைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமைக்குத்தான் இன்னும் நாள் இருக்கே. காத்திருக்கேன்" என்றாள்.

அது அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலைத் துளி மொத்தக் குழுவுக்கும் போனது. 'ஆஸ்பத்திரியில் பணிசெய்கிற, எனக்கு மிகவும் நெருக்கமான ஒரு சகோதரி' நாற்காலி ஆசையில் குடும்ப ஜெபத்தை உதறப் பார்க்கிறாளாம். எல்லோரும் அவளுக்காக ஜெபிக்க வேண்டுமாம். அக்கா வழக்கம்போல ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். முழுசாகக் கேட்டாள். ஆமென் போட்டாள். அப்புறம் திரும்பி நின்று பாத்திரம் கழுவினாள். தோள் குலுங்குவது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலமே ஆறுதல் படை கிளம்பிவிட்டது. சபையின் அம்மாக்கள் ஒவ்வொருத்தராக வந்து, "தாழ்மையா இருங்க சிஸ்டர்" என்று அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவளைவிடத் தாழ்மையாக இருக்க வேண்டுமென்றால் தரையைத் தோண்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். ஆஸ்பத்திரியிலும் எங்கள் சபைக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் செய்தி போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேரே அவர் ஷெட்டுக்குப் போனேன்.

பள்ளத்திலிருந்து தலையை நீட்டினார். "என்ன, கடைக்கே வந்துட்ட?"

"அக்கா மானத்தைக் கப்பலேத்தியாச்சு. திருப்தியா?"

"நான் பேர் சொன்னேனா?"

"ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற, உங்களுக்கு ரொம்ப நெருக்கமான சகோதரின்னா அது யாரு, எதிர்வீட்டுப் பூனையா?"

"உனக்குப் பெருமை அதிகம். அதான் உன் வாழ்க்கை நிக்கல. இப்ப அவளையும் கெடுக்கிற."

சுருக்கென்று தைத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியதை அவருக்குக் காட்டக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "என் வாழ்க்கை கிடக்கட்டும். அவ போகக்கூடாதுன்னு நீங்க ஏன் துடிக்கிறீங்க? கர்த்தரை இழுக்காம, உங்க வாயால சொல்லுங்க."

"விடியக்காலையில அவ கிளம்பிட்டா வீட்டுல ஜெபம் எப்படி நடக்கும்? நான் பேசுறத யாரு..." என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"யாரு முதல்ல ஆமென் போடுவா? அதானே?"

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்விட்டார். நானும் இரண்டு வார்த்தை கூடவே திட்டிவிட்டு வந்தேன். அவை இங்கே எழுதத் தக்கவை அல்ல.

வெள்ளிக்கிழமை காலை. ஜெபம் முடிந்து அத்தான் பெட்டிக்குக் கையை நீட்டினார். அதற்குள் அக்கா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் எடுக்கிறேன்."

"குடும்பத் தலைவன் எடுக்கிறதுதானே முறை?"

"நீங்க எடுத்தா நிறைய எடுக்க வேண்டியிருக்கு" என்றாள்.

அவர் முகம் கறுத்தது.

"என்ன சொல்ற?"

"கண்ணை மூடியிருந்தா காதையும் மூடியிருப்பேனா? அட்டை திரும்ப உள்ள போற சத்தம் எனக்கு இத்தனை வருஷமா கேட்குதுங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பெட்டியைத் திறந்து, ஒரே ஒரு அட்டையை எடுத்து, மேசையின் நடுவில் வைத்தாள். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லச் சொல்லும் வசனம்.

அத்தானுக்கு உயிர் வந்தது. "பார்த்தியா! இருக்கிறதுக்கு நன்றியோட இரு, அதுக்கு மேல ஆசைப்படாதேன்னு கர்த்தரே சொல்லிட்டார்."

"அதுல அப்படி இல்லீங்க. நன்றி சொல்லுன்னு மட்டும்தான் இருக்கு. நான் கேட்காமலே ஒண்ணைக் கொண்டுவந்து என் கையில கொடுத்திருக்கார். வாங்கிக்கிட்டா நன்றியா, வேண்டாம்னு தள்ளிவிட்டா நன்றியா? நீங்கதான் தினமும் நன்றியைப் பத்திப் பேசுறீங்க. சொல்லுங்க."

அத்தனை துளி பேசிய வாய்க்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. அக்கா தட்டில் அவருக்கு டிபனை எடுத்து வைத்து மூடிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, மேட்ரனிடம் சரி என்று சொல்லப் போய்விட்டாள். அட்டை மேசையிலேயே கிடந்தது. அதைத் திருப்பி வைக்க அவருக்குக் கை வரவில்லை. அன்று காலைத் துளியும் போகவில்லை.

இதோடு மனுஷன் திருந்திவிட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? மறுநாள் காலை முன்னறையில் குரல் கணீரென்று கேட்டது. தன் ஜெபத்துக்குக் கர்த்தர் இரங்கி, தன் மனைவியை உயர்த்திவிட்டாராம். தான் முழங்காலில் நின்று கேட்ட காரியம் கைகூடியதாம். தாழ்மையோடு சாட்சி சொல்கிறாராம். எனக்கு டம்ளரைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

புது வேலை அடுத்த வாரம்தான் என்பதால் அக்கா வீட்டில் இருந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். முழுசாகக் கேட்டாள். போனை அப்படியே குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தாள்.

அத்தான் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "அனுப்பிட்டேன்."

"கேட்டேன்."

"ஆமென் போடல?"

"ஆமென்னா என்னங்க அர்த்தம்? அது உண்மை, அப்படியே ஆகட்டும்னுதானே? இது உண்மையில்லையே. நான் எப்படிப் போட முடியும்?"

"ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"கடையில வண்டி ஒரு பக்கம் இழுத்தா என்ன சொல்வீங்க?" என்றாள். கோபமே இல்லாத குரல். "மறுபடி ஏத்துங்கன்னு சொல்வீங்கல்ல? இதையும் மறுபடி ஏத்துங்க. சரியா வந்தா போடுறேன்."

அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். டிபன் ஆறியது. போனை வாயருகே கொண்டுபோவார், இறக்குவார். ஆரம்பிப்பார், நிறுத்துவார். முன்பு அனுப்பியதை அழித்துவிட்டார். குழுவில் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே. கடைசியில் அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது. மனுஷன் ஆணியை மென்று விழுங்குவதுபோல் பேசினார்.

"என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில பெரிய பொறுப்பு கிடைச்சிருக்கு. நான் வேண்டாம்னு சொன்னேன். என் வசதிக்காகச் சொன்னேன். கர்த்தர் மேல பழியைப் போட்டேன். அவ என்னைக் கேட்காம... இல்ல, கேட்டா, நான்தான் விடல. இன்னைக்கு எனக்கு வேற செய்தி இல்ல."

அவ்வளவுதான். அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சின்னத் துளி அதுதான். அடுப்படியில் அக்கா அதைக் கேட்டாள். இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கையையும் துடைத்துக்கொண்டாள். முதல் ஆமென் விழுந்தது. அத்தான் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். ஆறிப்போன டிபனை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

பின்னாலேயே சபை முழுக்க ஆமென் ஆமென் என்று போட ஆரம்பித்தது. 'பிரதருடைய தாழ்மையைப் பாருங்கள்' என்று போதகர் வேறு எழுதினார். ஆண்டு மலருக்குத் தலைப்பு அங்கேதான் பிறந்திருக்கும்.

"நீயும் போடேன்" என்று அக்கா என்னைப் பார்த்தாள்.

நான் போடவில்லை. அந்த ஷெட்டில் என் வாழ்க்கையைப் பற்றி ஒன்று சொன்னாரே, அதை அவர் இன்னும் மறுபடி ஏற்றவில்லை.