வெள்ளெலி கால் நீட்டிப் படுத்த நாள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. இப்போது ஆராய்ச்சி மாணவியாக எனக்குத் தனி அறை, கட்டில், மெத்தை எல்லாம் இருக்கிறது. ஆனாலும் பெங்களூரில் குளிர் தொடங்கியதும் ஈஜிபுராவின் அந்த ஒற்றை அறையும், எம்.எஸ்சி. கடைசி வருட டிசம்பரும்தான் நினைவுக்கு வருகின்றன.

அந்த டிசம்பரில் நான் வயல்காட்டு வெள்ளெலிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளெலி வளைக்குள் போனதும் வளையின் வாயை மண்ணால் அடைத்துவிடும். உள்ளே காற்றோட்டம் இல்லை. உடம்பில் அதிகச் சூடு உண்டானால் அது வெளியேற வழியில்லை. அதனால் வளையில் வாழும் பிராணிகள் பல, தங்கள் உடம்பின் அடுப்பைச் சிறு தீயிலேயே வைத்திருக்கின்றன. அதே அளவுள்ள மற்ற பிராணிகளைவிடக் குறைவாகவே பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. எலியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓய்வாக விட்டு, அது இழுக்கும் பிராணவாயுவை அளப்பதுதான் என் வேலை.

என் எலிகளோ சிறு தீயில் இல்லை. கொழுந்துவிட்டு எரிந்தன. எத்தனை முறை அளந்தாலும் அதே கதை.

"ஓய்வுல இருக்கற எலியோட கணக்கு இல்லம்மா இது" என்றார் வழிகாட்டி மேடம். "மாசக் கடைசி வரைக்கும் பாரு. சரியா வரலைன்னா விட்டுடு. மியூசியத்துல மண்டை ஓடு அளக்கற வேலை இருக்கு."

உயிருள்ள பிராணியோடு வேலை செய்யத்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் படுக்கலாம் என்று பார்த்தால் என் அட்டையைக் காணோம். அப்பா வைட்ஃபீல்டில் ஒரு குடோனில் லோடு ஏற்றுகிறவர். காலிப் பெட்டிகளைப் பிரித்துக் கொண்டுவருவார். அதை விரித்து, மேலே பாய் போட்டுத்தான் எல்லோரும் படுப்போம். ஃபிரிட்ஜ் அட்டை அப்பா அம்மாவுக்கு, டிவி அட்டை எனக்கு, மிக்ஸி அட்டைகளை ஒட்டுப்போட்டுத் தம்பிக்கு.

"என் அட்டை எங்கடா?"

"ஸ்கூல் ப்ராஜக்ட்டுக்கு வெட்டிட்டேன்க்கா. எரிமலை செய்யணும்."

"உன்னோடத வெட்ட வேண்டியதுதானே?"

"ஒட்டு அட்டைல எரிமலை நிக்காதுக்கா."

கோபத்தில் வெறும் பாயிலேயே படுத்தேன். வெளியே நல்ல வெயில். ஆனால் சிமெண்டுத் தரையின் குளிர் முதுகில் ஏறியது. கால்கள் தானாக வயிற்றுக்குப் போயின.

"இன்னாடி, எறா மாதிரி சுருண்டுக்கினு கெடக்குற" என்றாள் அம்மா.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பெட்டிக்குள் என் எலிகளும் அப்படித்தான், மூலையில் உருண்டையாக. ஒன்றுகூடக் கால் நீட்டிப் படுத்து நான் பார்த்ததில்லை. பெட்டியின் மூடியிலிருந்து தொங்கிய தெர்மாமீட்டர் உள்ளே இதமான சூடு என்றுதான் காட்டியது. அது காற்றின் சூடு. பெட்டி இருந்ததோ ஏசி அறையில், ஸ்டீல் மேசைமேல். அடி குளிர்ந்தால் எலி உடம்பைச் சூடாக்க அடுப்பைத் தூண்டிவிடத்தானே செய்யும்? அடியில் கை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கை வைத்தேன். ஜில்லென்றிருந்தது. பெட்டிக்கடியில் கனமான தெர்மாகோல் கொடுத்தேன். உள்ளே காய்ந்த செம்மண் பரப்பினேன். தரையிலும் சூட்டை அளந்து, சரியாகும்வரை காத்திருந்து எலியை விட்டேன். கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறியது. பிறகு வயிறு மண்ணில் பட, பின்னங்கால்களை நீட்டிப் படுத்தது. கணினித் திரையில் பிராணவாயுக் கோடு மெல்ல இறங்க ஆரம்பித்தது.

மேடம் திரையைப் பார்த்தார், எலியைப் பார்த்தார். "மிச்ச எலிங்களையும் இப்படியே அளந்துட்டு வா" என்றார். அளந்தேன். எல்லாமே இறங்கின. மியூசியம் பற்றிய பேச்சை அவர் அதன்பின் எடுக்கவில்லை.

கடைசி எலியை அளந்த அன்று சாயங்காலம் அம்மா தெருக்குழாயடியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

"வளைக்குள்ள இருக்கற எலி எவ்ளோ கம்மியா தின்னுட்டு உசுரோட இருக்குதுன்னு எங்க பொண்ணு கண்டுபுடிச்சிருக்கா."

"அப்படியா? எங்க வீட்டு எலிக்கு வந்து கொஞ்சம் சொல்லிக் குடுக்கச் சொல்லு. அரிசி மூட்டை பாதி காலி."

அம்மா சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"உங்க வீட்டு எலி படிக்காத எலி, அக்கா. எம்பொண்ணோடது காலேஜ் எலி."