மாப்பிள்ளை எழுந்து நின்றது

கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி அது. தாம்பரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அதில்தான் என் மாப்பிள்ளையை உட்காரச் சொன்னார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்திருந்தது. எடை பார்த்தார்கள், கணுக்காலை அழுத்திப் பார்த்தார்கள். பிறகு நர்ஸம்மா என்னிடம் சொன்னார்: "மாத்திரை எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. ஆனா எதையும் புடிக்காம எழுந்து நிக்க முடியாதவங்க, ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே போயிடறாங்க. அவங்கள வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்."

மாப்பிள்ளைக்குத் திருமுடிவாக்கத்தில் வெல்டிங் வேலை. படுத்துவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான் என்ற பயம். அதைவிட, நான் பக்கத்தில் நின்றதுதான் அவருக்குப் பாரம். உடம்பு கெட்டபிறகு அவரும் என் பெண்ணும் சேலையூரில் என் வீட்டில்தான் இருந்தார்கள். மாமியார் வீட்டுச் சோறு அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. என் முன்னால் தள்ளாடுவாரா? தொடையில்கூடக் கை ஊன்றாமல் எழுந்து நின்றார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "பாத்தீங்களா சிஸ்டர், நாளைக்கே வேலைக்குப் போவேன்" என்று சிரிக்கவும் செய்தார். நர்ஸம்மா மாத்திரை எடுக்கத் திரும்பினார்.

நாலு பேர் எதிரில் மாப்பிள்ளையைத் தாழ்த்திப் பேசுவது எங்களில் வழக்கமில்லை. நான் பேசினேன். "வூட்ல இப்டி நிக்க மாட்டாரும்மா. பாத்ரூமுக்கே என் பொண்ணு தோள்ல சாஞ்சிகினுதான் போறாரு. எனக்கோசரம் நின்னுகினு கீறாரு."

"அத்த, கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

நர்ஸம்மா அவரை உட்காரவைத்து, மறுபடி எழச் சொன்னார். இடுப்பு நாற்காலியை விட்டுக் கிளம்பவே இல்லை. மாப்பிள்ளை என் பக்கம் பார்க்காமல், "இப்ப திருப்திதானே?" என்று கேட்டார். அன்றே படுக்கையில் சேர்த்தார்கள்.

பிழைத்துக்கொண்டார். மாத்திரையையும் முழுசாக முடித்தார். இப்போது மேடவாக்கத்தில் குடியிருக்கிறார்கள். அவர் என் வாசலை மிதித்து வருடங்கள் ஆகின்றன. பெண் மட்டும் வருவாள். வந்ததிலிருந்து மணி பார்த்துக்கொண்டே இருப்பாள். சமாதானம் பேச நான் போகவில்லை, போகவும் மாட்டேன். எதற்குத் தலை குனிய வேண்டும்? ஆனாலும் அலுப்பாக இருக்கிறது. ஒரு ஆளை உயிரோடு வைத்துக்கொண்டு இல்லாதவர்போல் பழகுவது வயதான உடம்புக்கு ஆகவில்லை.

நேற்றுப் பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "உங்கம்மாவுக்கு இன்னா வேணுமாம்? யாரையாச்சும் ஆஸ்பத்திரில சேக்கணுமா? கேட்டுச் சொல்லு, ஆள் புடிச்சித் தரேன்."

ஒரே மூச்சில் கத்தினார். நடுவில் இளைப்பு இல்லை, இருமல் இல்லை. பெண் சங்கடப்பட்டு, "அப்புறம் பேசறேம்மா" என்றாள்.

"போனை வெக்காதடி" என்றேன். "அவர் பேசட்டும்."