அடுத்த கூட்டத்தில் ஒரு சக்கர நாற்காலி

ஏழு மணிக்குக் கூட்டம் என்று அழைப்பு அனுப்பினால் ஏழரைக்குத்தான் வருவார்கள். சரி, ஆறரை என்று போட்டுப் பார்ப்போமே என்று ஒருமுறை போட்டேன். அப்போதும் ஏழரைக்குத்தான் வந்தார்கள். அதிலிருந்து நான் எதையும் திருத்தப் பார்ப்பதில்லை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பாத்திரக் கடை மாடியில் இருக்கும் ஹாலைத் திறப்பேன். மின்விசிறியைப் போட்டு, எங்கள் சேவைச் சங்கத்தின் பேனரைச் சுவரில் மாட்டி, நாற்காலிகளைத் துடைத்துவிட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வேன். அந்தக் காலி ஹாலில் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் எனக்கு ஓய்வு. என் சேவை மனப்பான்மையை யாராவது பாராட்டினால் சிரிப்பு வரும்.

நான் செயலாளர் ஆனது என் விருப்பத்தில் இல்லை. சங்கத்தின் ஆள் என் கணவர்தான். இரண்டு முறை தலைவராக இருந்தவர். செயலாளர் பதவிக்கு ஆள் கிடைக்காமல், "ஒரே ஒரு வருஷம் பாத்துக்க, போதும்" என்று என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார். அந்த ஒரு வருடம் மூன்றாவது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இடையில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. முழுக்கப் போய்விடவில்லை. மனதில் இருக்கும் சொல் அவர் வாய்க்கு வந்து சேருவதற்குள் எதிரில் இருப்பவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார், அவ்வளவு தாமதம். மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்க முடியாது என்று சங்கமே கேலி செய்த மனுஷன் அவர்.

ஆரம்பத்தில் பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வீட்டில் குவிந்தன. வந்தவர்கள், "எப்படி இருக்கீங்க?" என்று அவரைப் பார்த்துக் கேட்பார்கள். பதில் நான் சொல்வேன். ராத்திரி தூங்கினார், பிசியோதெரபிக்கு ஆள் வருகிறது, முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்று எல்லாம் நானே சொல்லிவிடுவேன். ஒரு வார்த்தைக்காக அவர் வாய் கோணித் தவிப்பதை மற்றவர்கள் பார்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். போகப் போக வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். காபி போட்டு மாளவில்லை.

எங்களுக்கு அப்போது இருந்த பெரிய தலைவலி குளியலறைக் கதவு. நாங்கள் வாங்கியிருந்த சக்கர நாற்காலி அந்தக் கதவுக்குள் நுழையவில்லை. வாசலில் நிறுத்தி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, இழுத்துக்கொண்டு போக வேண்டும். என் இடுப்பு ஒருபக்கம், அவர் முனகல் ஒருபக்கம். ஒவ்வொரு காலையும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்த வேலையை முடிப்போம். யாரோ பிரான்சிலிருந்து சங்கத்துக்கு அனுப்பிய ஒடுக்கமான சக்கர நாற்காலி ஒன்று உறை பிரிக்காமல் இருந்தது எனக்குத் தெரியும். சங்கத்தின் இப்போதைய தலைவர் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். என் கணவரைவிடப் பத்து வயதாவது சின்னவர். அவருக்குப் போன் செய்து, அந்த நாற்காலியை ஒரு ஆட்டோவில் போட்டு வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன். "அண்ணனுக்கு இல்லாததாக்கா? நான் பாத்துக்கிறேன், நீங்க விடுங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

விட்டிருக்கக் கூடாது. எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சங்கத்திலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் மேடையில்தான் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் நேரில் வர வேண்டும். வந்திருக்கும் உறுப்பினர்கள் அத்தனை பேரும் அந்தப் பொருளின் மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைக் கொண்டுவந்ததே என் கணவர்தான். அதற்கு முன்பு ஒரு தையல் இயந்திரம், போக வேண்டிய வீட்டுக்குப் போகாமல், ஒரு உறுப்பினரின் மைத்துனி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊரே பேசியது. அந்த அசிங்கம் இனி வரக் கூடாது என்று இவர் போட்ட ஏற்பாடு இது. ஒருமுறை ஒரு பெரியவருக்குக் கைத்தடி கொடுத்தார்கள். எல்லோரும் சேர்ந்து தடியைப் பிடித்ததில், தடிக்காரருக்குப் பிடிக்க இடமில்லை. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிரிக்க முடியாத நாட்களும் உண்டு. படகில் விழுந்து இடுப்பு உடைந்த ஒரு மீனவரைப் பட்டினச்சேரியிலிருந்து அழைத்து வந்தார்கள். இரண்டு பேர் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் நாங்கள் கை வைத்துக்கொண்டு நின்றோம். அவர் தரையைத்தான் பார்த்தார். அவர் மனைவி முந்தானையை இழுத்துப் பாதி முகத்தை மூடிக்கொண்டாள். படம் எடுத்தவர், "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் என் கணவரோடு சண்டை போட்டேன்.

"குடுக்குறத வீட்டுல கொண்டுபோயிக் குடுத்தா என்னங்க? இப்படிக் கூட்டிட்டு வந்து நிறுத்தணுமா?"

"படம் இருந்தாத்தான் ஊரு நம்பும். ஒனக்குத் தெரியாது, நீ சும்மா வா" என்றார். அப்போது அவருக்குப் பேச்சு அவ்வளவு வேகம்.

நான் நாற்காலி கேட்டபின் வந்த சனிக்கிழமைக் கூட்டத்தின் கதைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அக்காவை அவருக்குத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு வந்திருந்தேன். வழக்கம்போல ஏழரைக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். இறைவணக்கம், உறுதிமொழி, அந்த மாதம் பிறந்தநாள் காண்பவர்களுக்குக் கைதட்டல். சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற வேளாண் அதிகாரி. மாடித்தோட்டம் பற்றி இருபது நிமிடம் பேசச் சொல்லியிருந்தோம். அவர் மண்ணிலிருந்து தொடங்கி, புழுவுக்கு வந்து, புழுவிலிருந்து உரத்துக்குப் போய், பின்பக்கத்தில் வைத்திருந்த போண்டா ஆறிப்போகும்வரை பேசினார். முதல் வரிசையில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் மூத்த உறுப்பினர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கைதட்டல் கேட்டதும் கண் விழித்து, "மெர்சி, மெர்சி" என்று எல்லோரையும் முந்திக்கொண்டு நன்றி சொன்னார். உப்புக் காற்றுக்கு மாடியில் தக்காளி வருமா என்று ஒருவர் கேட்டார். வரும், ஆனால் வராது என்பதுபோல ஒரு பதில் கிடைத்தது. ஆளுக்கொரு கீரை விதைப் பொட்டலம் கொடுத்தார்கள். எனக்குக் கொட்டாவியை அடக்கி அடக்கித் தாடை வலித்தது.

பிறகு அடுத்த மாத நிகழ்ச்சிகளைச் சொல்லத் தலைவர் எழுந்தார். பட்டினச்சேரியில் கண் சிகிச்சை முகாம். கல்லூரியில் ரத்த தானம். சாலையோரம் மரக்கன்று. நான் குனிந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். அவர் குரல் திடீரென்று தழுதழுத்தது.

"நம்ம அண்ணன் இந்தச் சங்கத்துக்கு எவ்வளவு செஞ்சாங்க. அண்ணனுக்கு நாம என்ன செஞ்சோம்? ஒண்ணுமில்ல. அதனால, இன்ஷா அல்லா, அடுத்த கூட்டத்துல அண்ணன இந்த மேடைக்கு அழைச்சிட்டு வர்றோம். பொன்னாடை போத்துறோம். பிரான்ஸ்லேர்ந்து வந்த சக்கர நாற்காலிய நாம எல்லாருமாச் சேந்து அண்ணனுக்குக் குடுக்குறோம். மாடிக்குத் தூக்கிட்டு வர ஆளு நான் ஏற்பாடு பண்றேன்."

ஹால் முழுக்கக் கைதட்டல். மாடித்தோட்டப் பேச்சு முழுக்கத் தூங்கியவர்கூட எழுந்து நின்று தட்டினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பட்டினச்சேரிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே இடத்தில் என் கணவர். கோணிய வாயோடு அவர் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் இத்தனை கைகள். "கொஞ்சம் சிரிங்கண்ணே" என்று யாராவது சொல்லுவார்கள். எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே. பேனாவை மூடி வைத்தேன்.

போண்டாத் தட்டோடு நின்றுகொண்டிருந்த தலைவரைத் தனியாகப் பிடித்தேன்.

"நான் ஆட்டோவுல அனுப்பத்தானே சொன்னேன்?"

"ஆட்டோவுல அனுப்புனா அது மரியாதையாக்கா? யாருக்கோ அனுப்புற மாதிரி அண்ணனுக்கு அனுப்ப முடியுமா?"

"அவங்களால மாடி ஏற முடியாது."

"அதான் தூக்குறோம்னு சொல்றேன்ல."

"இத்தனை பேருக்கு முன்னாடி அவங்க வர மாட்டாங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கெட்ட எண்ணத்தில் செய்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். பாசத்தில் செய்பவர்களை என்ன செய்வது? "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றேன். கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று எனக்குத் தெரியும். காலையில் போன் செய்து, டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று ஒரு பொய்யைச் சொல்லி முடித்துவிடலாம் என்பது என் திட்டம். நாற்காலி வராவிட்டால் போகிறது, கதவை இடித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

மறுநாள் காலை அவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். அது ஒன்றுதான் நாங்கள் இருவரும் நிதானமாக ஒருவரையொருவர் பார்க்கும் நேரம். சோப்பு நுரை போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். பாயைத் திட்டி, கைதட்டியவர்களைத் திட்டி, அந்த வழக்கத்தையும் ஒருபிடி பிடித்துவிட்டு, "கவலப்படாதீங்க, வர முடியாதுன்னு நான் சொல்லிடுறேன்" என்று முடித்தேன்.

அவர் இடது கை எழும்பி என் மணிக்கட்டைப் பிடித்தது. ரேசரை எடுத்துவிட்டேன். ஏதோ சொல்ல வருகிறார் என்று புரிந்தது. வாய் ஒருபக்கம் இழுத்தது. கன்னத்து நுரை நடுங்கியது.

"நாற்காலி வேணாங்கிறீங்களா?" என்றேன்.

தலையை ஆட்டினார். இல்லை.

"படம் எடுக்கக் கூடாதுன்னு சொல்லணுமா?"

அதற்கும் இல்லை. கண்ணில் கோபம் தெரிந்தது. சும்மா இரு என்பதுபோல என் மணிக்கட்டை இறுக்கினார். நான் சும்மா இருந்தேன். தெருவில் மீன்காரரின் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, நின்று, விற்று, போயும்விட்டது. அதற்குள் அவருக்கு ஒரு சொல் வந்தது.

"பேச..."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நெற்றியில் வியர்த்துவிட்டது.

"பேச... விடுவாங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரை யாரும் பார்க்கக் கூடாது என்று நான் வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன். அவர் மேடையில் பேச வேண்டும் என்கிறார். விடுவார்கள், ஏன் விட மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியே நிறுத்திக்கொண்டேன். அவர் கேட்டது என்னை இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துத் தலைவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, நுரை ஒட்டாமல் அவர் வாய்க்கு அருகில் பிடித்தேன்.

"சொல்லுங்கக்கா. அண்ணன் என்ன சொன்னாங்க? ஹலோ... அக்கா, கேக்குதா? அக்கா? ஏதாவது சொல்லுங்கக்கா" என்று தலைவர் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தார். என் கணவரின் உதடுகள் முதல் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை.