விளிம்பு இறுகாத தளம்

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருடம், கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் என் கணவர் சாப்பாட்டில் வைத்த கையை அப்படியே எடுத்துவிட்டார். குட்லண்ட்ஸ் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் அவர் மேற்பார்வையாளர். பாகிலிருந்து சர்க்கரையைப் பிரிக்கும் சுழல் எந்திரம் ஒன்றை அங்கே மாடியில், இரும்புத் தகட்டுத் தளத்தின் மேல் புதிதாக வைத்திருந்தார்கள்.

"வேகம் எடுத்ததும் தளம் முனகுது. கால்ல ஏறிப் பல்லு வரைக்கும் வருது."

நான் லண்டனில் கணிதம் படித்துத் திரும்பி, போர்ட் லூயியில் பெண்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு தகடு இயல்பாக எந்தெந்த வேகத்தில் அதிரும் என்பதுதான் நான் ஆசையாகப் படித்தது. அதைத் தீர்மானிக்கும் எண்களை ஐகன் மதிப்புகள் என்போம். தகட்டுக்குள் சமன்பாடு ஒன்றேதான். ஆனால் விளிம்பைப் பிடித்திருக்கும் விதம் மாறினால் எண்கள் அத்தனையும் மாறிவிடும்.

"விளிம்பு எப்படி இருக்கு?" என்றேன்.

"உத்தரத்து மேல சும்மா உக்காந்திருக்கு. நாலு பக்கமும் வெல்டு வெச்சுப் பத்தவைக்கணும். வெட்டு முடியட்டும்னு ஓட்டுறாங்க."

அளவுகளைக் கேட்டுக் கணக்குப் போட்டேன். விளிம்பு இறுகியிருந்தால் தகட்டின் முதல் அதிர்வு எந்திரத்தின் வேகத்துக்கு வெகு மேலே நிற்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். எந்திரத்தின் பாரம் இன்னும் கீழே இழுக்கும். கடைசியில் அது நேராக எந்திரம் ஓடும் வேகத்திலேயே வந்து நின்றது. ஒவ்வொரு சுற்றும் தளத்தை ஊஞ்சல் போலத் தள்ளும்.

"தலைமைப் பொறியாளர்கிட்ட நானே சொல்றேன். நீ அங்க வராத," என்றார்.

மறுநாள் அவர் சொன்னதற்கு அந்தப் பொறியாளர் சிரித்தாராம். அதற்கு மறுநாள் பஸ் ஏறிப் போனேன்.

மாடியில் சிந்திக்கிடந்த சர்க்கரை தளத்தின் நடுவிலிருந்து துள்ளித் துள்ளி ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. கீழே பெண்கள் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மதாம், கணக்கெல்லாம் இங்கிலாந்திலேயே போட்டாயிற்று," என்றார் பொறியாளர் பிரெஞ்சில்.

"அது இறுகிய விளிம்புக்குப் போட்ட கணக்கு. உங்கள் விளிம்பு இறுகவில்லை."

"வாசலில் கரும்பு காத்திருக்கிறது. நீங்கள் வீட்டுக்குப் போகலாம்."

என் கணவரின் முகம் கறுத்துப்போயிருந்தது. என்மேல்தான் கோபம் என்று தெரிந்தது. அப்போது கீழிருந்து ஒரு பெண் அலறினாள். மேலே போல்ட்டிலிருந்து கழன்ற இரும்பு மரை ஒன்று அவள் மடியில் விழுந்திருந்தது.

"ஆரேத் மஸின்-லா! நிறுத்து!" என்று கிரியோலிலும் தமிழிலும் கத்தியபடி கணவர் ஓடிப்போய்ச் சுவிட்சைத் தானே இறக்கினார். பொறியாளர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். அவர் நகரவில்லை. முனகல் மெல்ல அடங்கியது.

கீழே போய்ப் பார்த்தார்கள். உத்தரத்தைத் தாங்கிய முட்டில் விரல் நுழையும் வெடிப்பு. பொறியாளர் அதற்குள் விரலை வைத்துப் பார்த்தார். விளிம்பைப் பற்றவைத்து முடிக்கும்வரை எந்திரம் ஓடவில்லை.

உத்தரவில்லாமல் நிறுத்தியதற்காக என் கணவரைக் கொதிகலன் பக்கம் மாற்றினார்கள். வீட்டில் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

"எல்லார் முன்னாடியும் நீ வந்து நின்ன," என்று ஒருமுறை சொன்னார். "அந்தப் பொம்பளைங்க கீழ இருந்தாங்களே," என்றேன். "தெரியும். அதான் கோபத்தை எங்க வைக்கிறதுன்னு தெரியல."

அடுத்த ஆண்டு ஆலையில் இன்னொரு தளம் போடத் திட்டமிட்டார்கள். வரைபடத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்து, பென்சிலை என் பக்கம் தள்ளினார்.