ஒட்டுமீசை

மகளின் பள்ளி நாடகத்துக்கு வாங்கிய ஒட்டுமீசையின் பசை வாடை இன்று மூக்கில் ஏறியதுமே, பிரேசர் டவுனில் இப்போது அடுக்குமாடிக் கட்டடம் நிற்கும் இடத்தில் அன்றிருந்த நாடக ஹாலின் பின்னறைக்குள் போய் நின்றுவிட்டேன். தேங்காய் எண்ணெயும் பவுடரும் வியர்வையும் கலந்த வாசம், ஆர்மோனியப் பெட்டியை மூடும் சத்தம், வெளியே இரும்பு நாற்காலிகளை மடக்கும் சத்தம், நடுவில் அப்பா. வாரம் முழுக்க பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர், ஞாயிறு மாலையில் பாடியே சிரிக்கவைக்கும் காமெடி நடிகர்.

மேடையில் அவருக்கு மகளாக வருகிறவள் ஸ்டெல்லா. சொந்த மகள் எனக்குப் பாட்டில் சுருதி சேராது. நாடகம் முடிந்ததும் அப்பாவின் மீசையைப் பிய்க்கும் உரிமையும் அவளுக்குத்தான். அவள் கை பட்டாலே அப்பா "ஐயோ, போலீஸ்!" என்று ராகம் போட்டு அலறுவார், அறையே சிரிக்கும். எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்தபடி நான் மட்டும் அவளுடைய ரெட்டைச் சடையை முறைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிறு, நாடகம் முடிந்த கையோடு ஸ்டெல்லாவை அவள் அம்மா கூட்டிப்போய்விட, மீசை எனக்குக் கிடைத்தது. வேண்டுமென்றே ஒரே இழுப்பில் பிய்த்தேன். மேலுதடு சிவந்தது, கண்ணில் நீர் கோர்த்தது, அப்பா வாயைத் திறக்கவே இல்லை.

"வலிக்கலயாப்பா?"

"வலிச்சிச்சிம்மா. அதுக்காக உங்கிட்ட போய் ஆக்டிங் குடுப்பனா?" என்று தலையைத் தடவினார்.

எவ்வளவு பாசம் என்று இதைக் கேட்டவர்கள் எல்லாம் உருகுகிறார்கள். உருகட்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்த "ஐயோ"தான். அதை ஸ்டெல்லா எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.