இறக்காத மடிப்பு

அக்கா தையற்காரி, எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அவள் தைத்த துணியில் ஒரு நூல்கூடத் தடம் மாறாது. தங்கை குருவி படிப்பில் கெட்டி, ஓட்டத்தில் முதல் ஆள். "எங்க குருவி" என்னும்போதே அக்காவுக்கு நெஞ்சு நிமிரும்.

பதினொரு வயதில் குருவிக்கு உடம்பு ஊதத் தொடங்கியது. முகம் உருண்டையானது, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. இரண்டு டாக்டர்கள், "வாயைக் கட்டச் சொல்லுங்க" என்றார்கள். அம்மா பிஸ்கட் டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"அக்கா, நான் திருடித் தின்னல. நீயாவது நம்பேன்."

அக்கா நம்பினாள். அவளுக்குத் தெரிந்த உதவி ஒன்றுதான். தங்கை டியூஷன் போனதும் பள்ளிக் கவுனின் பக்கத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுத் தைத்துவைப்பாள். இரண்டு வருடத்தில் ஐந்து முறை.

மூன்றாவது டாக்டர் ஒரு பெண். ஜன்னல் இல்லாத அந்த அறையில் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள்.

"பழைய எடை, உயரம் எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

இல்லை.

"பழைய துணி பத்துதா?"

குருவி முந்திக்கொண்டாள். "ரெண்டு வருஷமா இதே கவுன்தான். அக்கா தச்சது. இன்னும் கச்சிதமா இருக்கு!"

டாக்டர் பேனாவை மூடினார். "அப்போ பெரிசா ஒண்ணும் ஏறல."

அக்கா கவுனின் பக்கத் தையலைப் பார்த்தாள். சொன்னால் தங்கை முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் இந்தக் கதவும் சாத்திக்கொள்ளும்.

"நான்தான் பிரிச்சுத் தச்சேன், டாக்டர். அஞ்சு தடவை."

குருவி திரும்பினாள். "பத்துதுன்னு நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

அக்கா கவுனின் கீழ் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். வளரும் பிள்ளைக்கு நான்கு விரல் மடித்துத் தைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு விரல் இறக்குவது அவள் வழக்கம். "இதை மட்டும் ஒரு தடவைகூட இறக்கல. தேவைப்படல." சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

டாக்டர் குருவியைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். மெலிந்த கைகளையும் வயிற்றின் கத்தரிப்பூ நிறக் கோடுகளையும் பார்த்தார்.

"தின்னு குண்டாகுற பிள்ளை உயரமும் ஏறும். இவ ஏறல. சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பிக் கோளாறா இருக்கலாம், அது உடம்பை ஊத வச்சு வளர்த்தியை நிறுத்திடும். ஒரு நாள் முழுக்க மூத்திரம் சேர்த்துக் கொண்டு வாங்க. ஒரு டெஸ்ட்ல பிடிபடாது, திரும்பத் திரும்ப எடுக்கணும்."

நடைபாதையில் குருவி, மூத்திரம் சேர்க்கக் கொடுத்த காலி கேனை அணைத்தபடி நடந்தாள்.

"அதுவரைக்கும் இந்த உடம்புக்குள்ளயே கிடக்கணுமா?"

அக்கா கேனை வாங்கக் கை நீட்டினாள்; குருவி தரவில்லை.

"இனிமே பிரிக்கிறதா இருந்தா சொல்லிட்டுப் பிரி."

"சரிடி" என்று அவள் இடுப்பை அணைத்தபோது விரல்கள் தாமாகவே தையலைத் தடவின. உள்ளே இனி விட்டுத் தைக்கத் துணி இல்லை.